வாழைப்பழப் பெட்டிக்குள் ஒரு கோழி

சிட்னியின் பென்டில் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஃபைப்ரோ தகட்டு வீட்டின் முன்வாசலில் யெங் நின்றுகொண்டிருந்தார். கைகளில் ஒரு வாழைப்பழப் பெட்டி. பெட்டியின் பக்கத்து ஓட்டைக்குள்ளால் சிவப்புக் கோழி ஒன்று தலையை நீட்டி, முதலில் நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது.

குளிர்காலத்துச் சனிக்கிழமைக் காலை. புல்லில் இன்னும் உறைபனி வெள்ளை இருந்தது. பெட்டியின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் மூன்று முட்டை, ஒரு கிண்ணம் அரிசி, ஊதுபத்திக் கட்டு, வெள்ளை நூல்பந்து. படலைக்கு வெளியே ஒரு நீலக் கார் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அதன் பின்சீட்டில் யெங்கின் மனைவி மாய் இருந்தாள். கண்ணாடியை இறக்கவில்லை.

யெங் செருப்பைக் கழற்றத் தொடங்கினார். ஒரு செருப்பைக் கழற்றி, மற்றக் காலைத் தூக்கியபோதுதான் நான் கதவுநிலையில் கையை வைத்தேன்.

அந்த ஒற்றைச் செருப்போடு அவர் நின்ற நிலை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அந்த ஒரு வரி

சில மாதங்களுக்கு முன் இதே தொடரில் என் மனைவி சரோவின் சைவத்தைப் பற்றி எழுதியிருந்தேன். சிட்னிக்கு வந்த புதிதில், கோழியோடு வந்த ஒரு மனிதரை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள் என்று அதில் ஒரு வரி. பலர் சிரித்ததாக எழுதினீர்கள். சரோவை அறிந்த ஒருவர், “அன்ரி அப்பிடித்தான் செய்திருப்பா” என்று ஆசிரியர் குழுவுக்குக் கடிதமே போட்டிருந்தார்.

அந்த வரி பொய். சரோ அப்போது வீட்டில் இல்லை. திருப்பி அனுப்பியவன் நான்.

சரோ உயிரோடு இருக்கும்வரை இந்தக் கதையை நான் எங்கும் சொன்னதில்லை. அவள் போய் ஓராண்டு கழிந்தபிறகுதான் விருந்துகளில் சொல்லத் தொடங்கினேன். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத காலம் பார்த்துத் தொடங்கினேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே ஒழுங்காக விளங்குகிறது.

தொப்பியும் வாலும்

வில்லாவுட் என்றால் இன்று நம்மவர்களுக்குத் தடுப்பு முகாம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அங்கே, புதிதாக வந்து இறங்கியவர்கள் தங்குவதற்கு ஒரு விடுதியும் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் பின்னேரம் அங்கே ஆங்கிலம் படிப்பித்தேன். பகலில் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை ஆய்வு. ஊரில் எட்டு வருடம் ஆசிரியனாக இருந்தவன் மறுபடி மாணவனானதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும், நிறைய வெறியும் இருந்தன.

வகுப்பில் பெரும்பாலானோர் வியட்நாமியர். லாவோஸ் மலையிலிருந்து வந்த யெங்கும் மாயும் மட்டும் மோங் இனத்தவர். விடுதிப் பதிவேட்டில் யாரோ அவர்களையும் வியட்நாமியர் என்றே எழுதிவைத்திருந்தார்கள். இரண்டு மொழியும் ஒரே மாதிரித்தானே கேட்கிறது என்றார் அங்கே வேலை செய்த ஒரு நல்ல மனிதர். எனக்கு ஆய்வுப் பொருள் கிடைத்தது அப்படித்தான். ஒரே மாதிரிக் கேட்கிறதா? கேட்டால், ஏன்?

வியட்நாமியத்துக்கு லான் கிடைத்தார். சைகோன் பக்கத்துப் பெண். கப்ரமற்றாவில் ஒரு பேக்கரியில் வேலை. வகுப்புக்கு வரும்போது மிஞ்சிய பாண்களைக் கொண்டுவருவார். வகுப்பு முடிந்ததும் சாப்பாட்டு அறையின் மூலை மேசையில் லான் ஒரு பக்கம், யெங் ஒரு பக்கம், நடுவில் என் பதிவுப்பொறி. பாண் துகள்கள் எப்போதும் அதன் விசைகளுக்கிடையில் சிக்கியிருக்கும்.

முதல் நாள் நான் கேட்ட சொற்களில் கோழியும் ஒன்று. லான் ‘கா’ என்றார், மென்மையாக. யெங் தொண்டையின் அடியிலிருந்து, குரலை உயர்த்தி ‘காய்’ என்றார். நான் மகிழ்ந்துபோய் இரண்டுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் போட்டேன். உறவு என்று பொருள். என் பேராசிரியர் அடுத்த வாரமே அந்த நட்சத்திரத்தைச் சிவப்பு மையால் வெட்டினார். ஒலி கிட்ட வந்தால் உறவாகிவிடாது என்றார்.

அவர் சொன்னது சரி. ஒன்று முதல் பத்துவரை எண்ணச் சொன்னால், மூன்றிலும் நாலிலும் மட்டும் இரண்டு பேருடைய உதடுகளும் ஒன்றுபோலக் கூடும். மற்றவற்றில் ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்ப்பார்கள். வியட்நாமியத்துக்குக் கம்போடிய மொழி தூரத்துச் சொந்தம். மோங்குக்குச் சொந்தங்கள் தென்சீனத்து மலைகளில்.

ஆனால் சாயல் இருந்தது. அதை மறுக்க முடியாது. இரண்டிலும் சொற்கள் பெரும்பாலும் ஒரே அசை. இரண்டிலும் குரல் ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். லான் ‘மா’ என்ற ஒன்றையே குரலை மாற்றிமாற்றிச் சொல்லி, பேய், அம்மா, ஆனால், கல்லறை, நாற்று என்று வரிசையாக எழுதிக் காட்டுவார். யெங் ‘போ’ என்று தொடங்கி, பந்து, பெண், முள், எறிதல், காணுதல் என்று போவார். அவருடைய மொழியில் ஏற்ற இறக்கம் ஏழு. எட்டு என்றும் சொல்லலாம். லானுடைய எழுத்தில் ஆறு. வாயில் ஐந்துதான். தெற்கத்தியார் இரண்டை ஒன்றாக்கிவிட்டார்கள்.

“ஆறு எழுதி அஞ்சு சொல்றது சோம்பேறித்தனம்” என்றார் யெங்.

யெங் எழுதுவதை லான் எட்டிப் பார்த்தார். மோங் எழுத்தில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை யாரும் உச்சரிப்பதில்லை. குரல் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதற்கான அடையாளம் அது. “சொல்லாமல் விடுறதை ஏன் மினக்கெட்டு எழுதுறியள்?” என்று கேட்டார் லான்.

“உங்கட எழுத்துக்கு மேல குறி போட்டுத் தொப்பி. எங்கட எழுத்துக்கு வால்” என்றார் யெங். “வால் கதைக்காது. ஆனா மாடு என்ன நினைக்குதெண்டு வாலைப் பாத்தால் தெரியும்.”

மூவரும் பேசியது உடைந்த ஆங்கிலத்தில்தான். ஆனால் நினைவு எதையும் தன் மொழியில்தான் வைத்திருக்கும் போலிருக்கிறது. என் நினைவில் யெங் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். லானும் அப்படியே. அதை மாற்ற எனக்கு இனி வயதில்லை.

இன்னொன்று. வியட்நாமியத்துக்கு ரோமன் எழுத்தை முதலில் அமைத்த பாதிரிமாரில் போர்த்துக்கேயரும் இருந்தார்கள். எங்களுக்கு நாற்காலிக்குக் கதிரை, சமையலறைக்குக் குசினி என்ற சொற்களை விட்டுப்போனவர்களும் அவர்களே என்று சொன்னேன். லான் விடவில்லை. “உங்களுக்குக் கதிரை, எங்களுக்கு எழுத்து. அப்ப நாங்கள்தான் கெட்டிக்காரர்.”

நாம், நாங்கள் என்று தமிழ் பிரிப்பதுபோல வியட்நாமியமும் பிரிக்கும். மோங் வேறு விதமாகப் பிரிக்கும். ‘நாங்கள் இருவர்’ என்பதற்குத் தனிச் சொல். மூவர் ஆகிவிட்டால் வேறு சொல். பின்னாளில் ஓடைக் கரையில் என்னோடு நடக்கும்போது யெங் அந்த இருவர் சொல்லைத்தான் பாவிப்பார். என் குறிப்புக் கொப்பியில் அதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

ஓடைக் கரை

விடுதிக் காலம் முடிந்ததும் யெங்கும் மாயும் எங்கள் பின்னறைக்குக் குடிவந்தார்கள். நல்ல மனத்தோடுதான் கூப்பிட்டேன். ஆய்வுக்கும் வசதியாக இருந்தது. எது முந்தியது என்று கேட்காதீர்கள்.

யெங் விடியவே ஒரு மரக்கறித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். மாய் வீட்டில். அவளுக்கும் சரோவுக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் இருவரும் பின்வளவில் கொத்தமல்லி போட்டார்கள், வெயிலில் தலை காயவைத்தார்கள், நாள் முழுக்கக் கதைத்தார்கள். சரோ தமிழில் சொல்லுவாள். மாய் மோங்கில் பதில் சொல்லுவாள். இரண்டு மொழிகளை மேசையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதை நான் குறிப்பெடுக்கவில்லை.

எனக்குச் சொற்பட்டியல் போதவில்லை. நீளமான, பழைய மோங் வேண்டியிருந்தது. யெங்குக்கு வழிகாட்டும் பாட்டுத் தெரியும் என்று அறிந்தேன்.

ஒருவர் இறந்தால் அவருடைய உயிர் வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். பாடுகிறவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதுபோல, கடைசியாக வாழ்ந்த இடம், அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவார். ஒவ்வோர் இடத்திலும் குடித்த தண்ணீருக்கும் எரித்த விறகுக்கும் நன்றி சொல்லி விடைபெற வேண்டும். ஓரிடம் விடுபட்டால் உயிர் அதைத் தாண்டாது. கடைசியில் பிறந்த வீடு. அங்கே நச்சுக்கொடி புதைத்த இடத்தைக் கண்டுபிடித்து, அதைச் சட்டையாகப் போட்டுக்கொண்டுதான் முன்னோரிடம் போகலாம்.

செத்தவர் இல்லாத வீட்டுக்குள் அந்தப் பாட்டைப் பாடக் கூடாது. யெங் அதைப் படித்ததே வயலுக்கு அப்பால், காட்டில். நான் மூன்று மாதம் கேட்டேன். நயமாகக் கேட்டேன். கடைசியில் டூங்கபி ஓடைக் கரைக்கு என்னைக் கூட்டிப்போய், சவுக்கு மரங்களுக்குக் கீழே, யாருடைய பெயரும் சொல்லாமல் ஒரு பகுதியைப் பாடினார். ஓடைத் தண்ணீர் குறைவாக இருந்தது. ஒரு காகம் இடையில் குறுக்கிட்டது. அந்த ஒலிநாடாவில் அதுவும் இருக்கிறது.

பாடி முடித்ததும் பொறியை என் கையில் தந்தார். “இதை வெளியில வைச்சுத்தான் கேக்க வேணும். ஆக்கள் படுக்கிற வீட்டுக்குள்ள வேண்டாம்.”

சரி என்றேன்.

குசினி

மூன்று வாரம் வெளியில்தான் கேட்டேன். பின்வளவில் கதிரையைப் போட்டு, மடியில் கொப்பியோடு. பிறகு குளிர் கூடியது. பற்றரி முடிந்தது. மின்சாரத்தில் போட்டால் ஒலி தெளிவாக இருந்தது. யெங் தோட்டத்தில், மாய் துணி காயவிட வெளியே போயிருந்தாள், சரோ வேலையில். ஐந்து நிமிடம்தானே என்று குசினி மேசையில் வைத்துப் போட்டேன்.

ஐந்து நிமிடம் ஒரு மணித்தியாலமாகிவிட்டது. ஒரு அசையின் இறக்கம் பிடிபடாமல் அதே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாய் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். தன் புருஷனின் குரல், அந்த வீட்டுக்குள், செத்தவரைக் கூட்டிப்போகிற பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்தது. அவள் அப்போது ஐந்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். நான் பொறியை நிறுத்துவதற்குள் எழும்பி வெளியே ஓடிவிட்டாள்.

சரோ வேலையால் வந்தபோது மாய் வேலியோரம் நின்றாள். சரோ ஒரு போர்வையைக் கொண்டுபோய்ச் சுற்றிவிட்டு, யெங் வரும்வரை அவளுடனேயே நின்றாள்.

யெங் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. “பயத்தில அவளின்ர உயிர் உங்கட குசினியில விழுந்துபோச்சு” என்றார். “சனிக்கிழமை கோழி கொண்டுவந்து இந்த வாசலில நிண்டு கூப்பிடுறன். கூப்பிட்டால் வரும்.” பிறகு, “உங்கட உயிரையும் சேத்துக் கூப்பிடுறன். நீங்களும் கேட்டிட்டியள்தானே” என்றார்.

அன்று பின்னேரம் அவர்களை லான் வந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

பழைய பானை

கோழியை அங்கேயே அறுத்து, அவித்து, படைக்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள். இதைச் சரோவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். அவள் முட்டைகூடத் தொடாதவள்.

வெள்ளிக்கிழமை சொன்னேன். அவள் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“பின்வளவில அறுக்கட்டும். அந்தப் பழைய பானையை எடுத்து வைக்கிறன், அதில காய்ச்சட்டும். பிள்ளைத்தாச்சி பயந்துபோய் இருக்கிறாள். அதுக்குள்ள எங்கட சைவம் என்ன சைவம்?”

“வீட்டுக்குள்ள கோழி…”

“நீங்கள் குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருந்தால் கோழியும் தப்பியிருக்கும்” என்றாள்.

அந்த வார்த்தைதான் எனக்குள் ஏறிக்கொண்டது. இரவு முழுக்க அதோடு படுத்திருந்தேன். கோழியை உள்ளே விட்டால் நான் செய்தது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நானோ படித்தவன். ஒலியை ஆராய்கிறவன். ஒரு நாடா ஓடினால் ஓர் உயிர் விழுமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடியச் சரோ முதியோர் இல்லத்து வேலைக்குப் போகும்போது, பின்வளவுக் குழாயடியில் பானையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு தட்டால் மூடிவைத்துவிட்டுப் போனாள். பக்கத்தில் மூன்று செங்கல். விறகுக்குப் பழைய வேலிப் பலகைகள்கூட முறித்து அடுக்கியிருந்தாள்.

இனி அந்த வாசலுக்கு வருகிறேன்.

கதவுநிலையில் கை வைத்து நான் சொன்னது இதுதான்: “யெங், குறை நினைக்கக் கூடாது. சரோ சைவம். அவ கோழியை இந்த வளவுக்குள்ள விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா.”

அவர் தூக்கிய காலை மெல்ல இறக்கினார். “அவவோ சொன்னவ?”

“ஓம்.”

கழற்றிய செருப்பை மறுபடி போட்டார். அதற்கு நேரம் எடுத்தது, கையில் பெட்டி இருந்ததால். காரை ஓட்டிவந்த லான் இறங்கி வந்தார். யெங் அவரிடம் ஏதோ சொன்னார். லான் என்னைப் பார்த்தார். எப்போதும் என்னைத் ‘தெய்’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் மொழியில் ஆசிரியர்.

“தெய், கோழி சின்னது” என்றார். அவ்வளவுதான்.

பின்னறையில் அவர்களுக்கு இரண்டு பைகள் இருந்தன. நானே தூக்கிவந்து காரில் வைத்தேன். உதவி செய்கிறவனைப்போல. மாய் கண்ணாடிக்குள்ளால் என்னைத் தாண்டி, வீட்டுக்குள் சரோவைத் தேடினாள். சரோ உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை என்று அவள் நினைத்திருப்பாள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

மத்தியானம் சரோ வந்தாள். நேராகப் பின்வளவுக்குப் போய்த் தட்டைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் அப்படியே இருந்தது.

“வரேல்லையோ?”

“வரேல்லை” என்றேன். “மெல்பனில சொந்தக்காரர் கூப்பிட்டவையாம். போயிட்டினமாம்.”

“எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமலோ?”

நான் பேப்பரைத் தூக்கிக்கொண்டேன். மாதக்கணக்கில் அவள் அதையே இடையிடையே கேட்டாள். “போறன் எண்டுகூடச் சொல்லாமல் போக நான் அவளுக்கு என்ன செய்தனான்?” ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு வாய் இருந்தது. சொல்லவில்லை.

என் ஆய்வேட்டுக்கு நல்ல பெயர் கிடைத்தது. மோங்குக்கும் வியட்நாமியத்துக்கும் பிறப்பால் உறவில்லை, இரண்டு இனத்தவரும் நூற்றாண்டுக் கணக்காகச் சீனத்தோடு அயலில் வாழ்ந்ததால் வந்த சாயல் அது என்பது என் முடிவு. அயலவர் பழகிப் பழகிக் குரல்கூட ஒத்துப்போகும் என்று முகவுரையில் அழகாக எழுதியிருக்கிறேன். ஓடைக் கரைப் பாட்டைப் பற்றி ஓர் அடிக்குறிப்பு: ‘தகவல் தந்தவர் பிற்காலத்தில் ஒத்துழைக்கவில்லை.’ அந்த ஏடுதான் எனக்கு விரிவுரையாளர் வேலை வாங்கித் தந்தது.

சரோ அந்தப் பானையின் அடியில் துளை போட்டு ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தாள்.

திங்கட்கிழமை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை மெல்பனிலிருந்து தொலைபேசி வந்தது. பெண் குரல். தன் பெயர் கியா என்றாள். யெங்கின் மகள். என் எண்ணை லானிடம் வாங்கியிருக்கிறாள். லான் இப்போது பேரப்பிள்ளைகளோடு கான்லி வேலில் இருக்கிறாராம்.

அப்பா சனிக்கிழமை இறந்துவிட்டார் என்றாள். அம்மா முன்பே போய்விட்டார். வியாழக்கிழமை காலை வழிகாட்டும் பாட்டு. அப்பா வாழ்ந்த இடங்களைப் பின்னோக்கி எழுதிக்கொண்டு வருகிறார்கள். மெல்பனில் மூன்று வீடு. கப்ரமற்றாவில் லான் வீடு. பிறகு வில்லாவுட் விடுதி, அதற்கு அப்பால் தாய்லாந்து முகாம், எல்லை ஆறு, லாவோஸ் மலை.

“லான் வீட்டுக்கும் விடுதிக்கும் இடையில ஒரு வீடு இருக்கு, அங்கிள். அப்பா அதின்ர விலாசம் சொன்னதே இல்லை. சைவ அக்கா வீடு எண்டு மட்டும்தான் சொல்லுவார். அது விடுபட்டால் அவர் அங்கேயே நிண்டிடுவார். உங்களுக்குத் தெரியுமெண்டு லான் சொன்னவ.”

நான் எழும்பிப் போய்ப் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். தகவல் தந்தவரின் வசிப்பிடங்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். மனதில் அந்த விலாசம் இல்லாமலில்லை. நேரம் எடுக்கத்தான் கொப்பியைத் தேடினேன். தெருப் பெயரும் இலக்கமும் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“இன்னொண்டு” என்றாள். “அந்த வீட்டு அக்கா அப்பாவோட கோவமாய் இருந்தவவாம். வாசலால திருப்பி அனுப்பிப்போட்டாவாம். கோவத்தோட இருக்கிற வாசலை உயிர் தாண்டாதெண்டு பாட்டுக்காரர் சொல்றார். அதால அப்பா அவவின்ர பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டிட்டுப் போறமாதிரிப் பாடுவாராம். அவவின்ர பேர் என்ன?”

சரோ என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அவர்கள் மூவரும் இல்லை. யெங்கின் உயிர் பென்டில் ஹில் வாசலில் நின்று, சரோ செய்யாத ஒன்றுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கும். பாட்டு ஒழுங்காக முடிந்திருக்கும். யாருக்கும் தெரியாது.

“பிள்ளை” என்றேன். “அவ பேர் சரோ. அவவும் இப்ப இல்லை. அவ திருப்பி அனுப்பேல்லை. நான்தான் அனுப்பினனான். அவ சொன்னதாய் உங்கட அப்பாவுக்குப் பொய் சொன்னனான். அவவுக்கும் நீங்கள் வரேல்லையெண்டு பொய் சொன்னனான்.”

நீங்கள் என்று என் வாயில் தானாக வந்தது. பிறகுதான் உறைத்தது, அந்தக் காருக்குள், மாயின் வயிற்றில், இவளும் இருந்தாள்.

மறுமுனையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“ஏன்?” என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குசினி, நாடா, கோப்பை, வெள்ளிக்கிழமைப் பேச்சு. பானையைப் பற்றியும், தண்ணீர் நிரப்பி மூடிவைத்ததையும், வேலிப் பலகைகளை முறித்து அடுக்கியதையும் சொன்னேன்.

“அம்மா கடைசிவரைக்கும் அவவை நினைச்சு அழுதவ” என்றாள். பிறகு, “பாட்டுக்காரரிட்டைக் கேட்டுச் சொல்றன்” என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை திரும்ப எடுத்தாள். குரலில் இளக்கமும் இல்லை, வெறுப்பும் இல்லை. மன்னிப்பு வேண்டாமாம். தண்ணீருக்கும் விறகுக்கும் நன்றி சொன்னால் போதுமாம், வைத்தவளின் பெயர் சொல்லி. என் பெயரையும் பாட்டில் சேர்க்கச் சொல்லிக் கேட்டேனா என்று நினைப்பீர்கள். கேட்டேன். உயிரோடு இருப்பவர்களின் பெயரை அந்தப் பாட்டில் சேர்க்க மாட்டேன் என்று பாட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

“நீங்கள் வேறை எங்கையாவதுதான் சொல்ல வேணும், அங்கிள்” என்றாள்.

பின்வளவு

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு கியா எடுத்தாள். தொடங்கிவிட்டது, அந்த இடம் கிட்ட வருகிறது, கேட்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். மறுமுனையில் ஓர் ஆணின் குரல் தூரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் தொலைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, டூங்கபியில் மகன் வீட்டுக் குசினிக் கதவைத் திறந்து வெளியே போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மருமகள் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள்.

“மாமா, குளிருது. உள்ளுக்கு வந்து கதையுங்கோவன்.”

“இல்லைப் பிள்ளை. இது வீட்டுக்குள்ள கேக்கிற சாமான் இல்லை.”

வேலியோரம் சரோவின் பானை இருக்கிறது. வீடு மாறும்போதெல்லாம் அவள் அதைக் காரில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். கறிவேப்பிலை இப்போது என் தலைக்கு மேலே. அதன் பக்கத்தில் போய் நின்றுதான் தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

நாற்பது வருடத்துக்கு முன் படித்த மோங் பெரும்பாலும் என்னை விட்டுப் போய்விட்டது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டும் காது பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு, அந்த ஓட்டத்துக்கு நடுவில், எங்கள் தெருவின் பெயர் வந்தது. பென்டில் ஹில் வந்தது. தண்ணீர் என்ற சொல் வந்தது. விறகு வந்தது. அதற்குப் பிறகு, கடைசி அசை மெல்ல மேலே ஏற, ஒரு மோங் பெயரைப்போலவே ஒலித்தது, சரோ.

பாட்டு அங்கே சற்று நின்றது. யெங் இரண்டு செருப்பையும் கழற்றும் அளவுக்கு நின்றது. பிறகு வில்லாவுட்டுக்குப் போனது.